மெஸ்ஸா, சொந்தச் சமையலா, ஃப்ரீசரா? குடல் நோயோடு படிக்கிறவரின் சாப்பாட்டுக் கணக்கு

குரோன் நோய் (குடலில் அழற்சி வந்து புண்ணாகும் நாள்பட்ட நோய்) என்று உறுதியான அன்று என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். இடது பக்கம் 'சாப்பிடலாம்', வலது பக்கம் 'தவிர்க்கவும்'. நல்ல தாள்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு வகுப்பு, மாலை ஐந்து வரை லேப், அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் என்று இருக்கிறவர் அந்த இடது பக்கத்தை எங்கே, எப்போது, எதில் சமைப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தாளைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, அந்த செமஸ்டர் முழுக்க ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். 62 கிலோவில் இருந்தவன் 55க்கு வந்து நின்றேன்.

நாள்பட்ட குடல் நோயோடு படிக்கிறவர் சாப்பாட்டில் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த உணவுமுறை என்பது ஒன்று. அந்தச் சாப்பாடு எந்த வழியாகத் தட்டுக்கு வரப்போகிறது என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை, மாணவர்களைக் கவிழ்ப்பது இரண்டாவதுதான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வழியும் நல்ல வழிதான். நான் அளப்பது மோசமான நாளை வைத்து. ஏழெட்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்து, எழுந்து நிற்கவே தெம்பில்லாமல், மறுநாள் தேர்வும் இருக்கிற அந்த ஒரு நாளில் எந்த வழி வயிற்றுக்குள் சாப்பாட்டைக் கொண்டு சேர்க்கிறது? அப்படிப்பட்ட நாளில் தேவை குறைவதுமில்லை, கூடுகிறது. நோய் அடங்கியிருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம் போதும். குரோன், பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற அழற்சி நோய்கள் கிளம்பியிருக்கும்போது 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். 60 கிலோ ஆளுக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மில்லி பாலில் 8, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. பசியே இல்லாதவர் இந்தக் கணக்கை எட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கூட்டிப் பார்த்தாலே தெரியும்.

மெஸ் சாப்பாடு

மெஸ்ஸை ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள் அதிகம். நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன். இப்போது அதை அவ்வளவு மட்டமாக நினைப்பதில்லை. சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், செலவு கட்டுக்குள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். குடல் நோய் வந்தவர் தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டால், கொஞ்ச நாளில் சாப்பாட்டின் மேலேயே ஒரு பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தில் உணவுப் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கும்.

மெஸ்ஸின் சிக்கல், எதில் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான். வெங்காயமும் பூண்டும் எல்லாக் குழம்பிலும் கரைந்திருக்கும். எண்ணெய் எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. இதைச் சமாளிக்க ஒரே வழி, சமையல் பொறுப்பில் இருப்பவரிடம் நேரில் பேசுவது. கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். 'எனக்கு வயிறு சரியில்லை' என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. அடுப்பிலிருந்து இறக்கி மசாலா சேர்ப்பதற்கு முன் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைக்க முடியுமா, காய் நன்றாகக் குழைய வேகுமா, வாரப் பட்டியல் முன்கூட்டியே கிடைக்குமா என்று மூன்றே மூன்று கேளுங்கள். மூன்றில் இரண்டு நடந்தாலே பெரிய உதவி. பல பல்கலைக்கழகங்களில் உடல்நலக் காரணங்களுக்காகச் சலுகை கேட்க ஒரு பிரிவும் இருக்கும். மருத்துவரின் கடிதத்தோடு அங்கே போனால், மெஸ்ஸில் உங்கள் வேண்டுகோளுக்கு வேறு மரியாதை.

ஆனால் குளூட்டன் என்ற புரதம் பட்டாலே உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலைத் தாக்கும் செலியாக் நோய் என்றால் கதையே வேறு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டனை அறவே விலக்குவதுதான் அந்த நோய்க்கு மருந்து. 'குளூட்டன் இல்லாதது' என்று ஒரு பொட்டலத்தின் மேல் அச்சிட, சர்வதேச உணவுத் தரம் கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. ரொட்டி வாட்டிய அதே டோஸ்டர், பாஸ்தா வெந்த அதே தண்ணீர், எல்லாப் பாத்திரத்துக்கும் போய் வருகிற அதே கரண்டி, இவை எதுவுமே அந்த எல்லையைத் தாண்ட வைக்கலாம். பொதுச் சமையலறையில் ஒருவரின் நல்ல மனசை மட்டும் நம்பி இதில் இறங்க முடியாது. தனி இடமும் தனிப் பாத்திரமும் இல்லையென்றால் செலியாக் உள்ளவர் மெஸ்ஸை மறந்துவிடலாம்.

மோசமான நாளில் மெஸ் எப்படி? சுமார்தான். நீங்கள்தான் அங்கே நடந்து போக வேண்டும், அவர்கள் வைத்திருக்கும் நேரத்துக்கு.

தினமும் தானே சமைப்பது

எல்லோரும் பரிந்துரைக்கும் வழி இது. உப்பிலிருந்து எண்ணெய் வரை எல்லாம் உங்கள் கையில். எதைச் சாப்பிட்டு வயிறு கெட்டது என்று கண்டுபிடிக்கவும் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இப்போது நேரத்தைப் பாருங்கள். வாங்குவது, நறுக்குவது, சமைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து ஒரு வேளைக்கு 40 நிமிடம் என்று வைத்தால், இரண்டு வேளைக்கு 80 நிமிடம். வாரத்துக்கு 9 மணி நேரத்துக்கு மேல். அது கிட்டத்தட்ட இரண்டு பாடங்களின் வகுப்பு நேரம். அசைன்மென்ட் குவியும் வாரத்தில் முதலில் கைவிடப்படுவது சமையல்தான். உடம்பு படுத்தும் நாளில் அடுப்பருகே நிற்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம். நன்றாக இருக்கிறவர் போடும் திட்டம் இது. நான் மூன்று முறை இதைத் தொடங்கி, மூன்று முறையும் இரண்டாவது வாரத்தில் விட்டேன்.

இதில் எனக்கு மிஞ்சிய ஒரே நல்ல பழக்கம் சின்ன ரைஸ் குக்கர். அரிசி, தோல் சீவிப் பொடியாக நறுக்கிய கேரட், தண்ணீர், உப்பு எல்லாம் போட்டு மூடிவிட்டுப் படிக்க உட்காரலாம். கடைசியில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் 12 கிராம் புரதத்தோடு ஒரு வேளை முடிந்தது. அறையில் குக்கர் வைக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை சமைத்து ஃப்ரீசரில் வைப்பது

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், இரண்டரை மணி நேரம். அடுத்த ஆறு நாளைக்கு மைக்ரோவேவில் ஐந்து நிமிடம்.

முதல் பாடம்: டப்பாக்களை இரண்டு வகையாகப் பிரியுங்கள். நல்ல நாள் டப்பா, கெட்ட நாள் டப்பா. நல்ல நாள் டப்பாவில் காய்கறி தாராளமாக இருக்கலாம், உங்கள் வயிறு ஏற்கிற அளவுக்குப் பருப்பு வகை இருக்கலாம், நார்ச்சத்து இருக்கலாம். கெட்ட நாள் டப்பா, வயிற்றைத் தொந்தரவே செய்யாத சாப்பாடு: குழைய வெந்த அரிசி, கொத்திய கோழிக்கறி அல்லது முள்ளெடுத்த மீன், தோல் சீவி மசித்த கேரட், ஒரு ஸ்பூன் எண்ணெய். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் இரவு பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிறவருக்கு அதைச் சூடாக்குவது மட்டும்தான் வேலை. நான் எப்போதும் நல்ல நாளுக்கு எட்டு, கெட்ட நாளுக்கு நான்கு என்று வைத்துக்கொள்கிறேன். இந்த நான்கை நல்ல நாளில் தொடக் கூடாது. சோம்பேறித்தனத்தில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து வருந்தியிருக்கிறேன்.

இரண்டாவது, சுத்தம். அசாதியோபிரின், ஸ்டெராய்டு, பயாலஜிக் ஊசி போன்ற, குடல் அழற்சியை அடக்கும் மருந்துகளில் இருப்பவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அடக்கி வைக்கப்பட்டிருக்கும். நண்பருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கெட்ட சாப்பாடு, நமக்கு மருத்துவமனைப் படுக்கையில் முடியலாம். சோற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் சமைத்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் டப்பாவில் அடைத்துக் குளிரில் வைத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதில் சோற்றை ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரி. எடுத்தால் உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாக்கி, அந்த வேளையோடு முடித்துவிட வேண்டும். மறுபடி குளிரவைத்து மறுபடி சூடாக்கும் வேலை வேண்டாம்.

எல்லாம் ஃப்ரீசரைத் தாங்காது. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆகிவிடும். உருளைக்கிழங்குத் துண்டுகள் உதிர்ந்து நீர் கக்கும், மசித்து வைத்தால் பரவாயில்லை. சூப், கொத்துக்கறி, சோறு மூன்றும் நன்றாக நிற்கும். பொது ஃப்ரீசரில் உங்களுக்கு ஒரு தட்டு இடம்தான் என்றால், டப்பாவுக்குப் பதில் ஜிப் பைகளில் தட்டையாகப் பரப்பி உறையவைத்து, புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி வையுங்கள். மேலே தேதி, கூடவே பெயர். பெயர் எதற்கு என்று பொது ஃப்ரிட்ஜ் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பூண்டு, வெங்காயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு சின்ன சமையல் ரகசியம். அவற்றில் தொல்லை தருவது ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் சமைத்தால் மணம் இருக்கும், தொல்லை இருக்காது. சூப்பில் போட்டுவிட்டுக் கடைசியில் பொறுக்கி எடுப்பது வீண், அதற்குள் எல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கும். அந்தப் பூண்டு எண்ணெயை பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள், போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சைக் கொண்டுவரும் கிருமி வளர இடமுண்டு. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீருங்கள்.

இந்த வழியின் குறை, அலுப்பு. புதன்கிழமைக்குள் அதே சுவை நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், ஃப்ரீசரே இல்லாத விடுதிகளில் இதைப் பேசிப் பயனில்லை.

தயார் உணவும் ஊட்டச்சத்து பானமும்

மருந்துக் கடையில் கிடைக்கும் முழு ஊட்டச்சத்து பானங்களில் பலவற்றில் 200 மில்லி புட்டி ஒன்றுக்கு 300 கலோரியும் 12 கிராம் அளவுக்குப் புரதமும் இருக்கும். குரோன் நோய் உள்ள குழந்தைகளுக்கு, ஆறு முதல் எட்டு வாரம் வேறு சாப்பாடே இல்லாமல் இந்த மாதிரி பானத்தை மட்டும் கொடுத்து நோயை அடக்குவது முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்று. மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது அது, நாமாக விடுதி அறையில் செய்து பார்ப்பதற்கில்லை. ஆனால் பானத்தின் மதிப்பை அது காட்டுகிறது. தினமும் இதையே நம்பினால் செலவு தாங்காது, வாய்க்கும் சலிக்கும். வண்டியின் ஸ்டெப்னி போல நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கடியில் ஆறு புட்டி எப்போதும் இருக்கட்டும்.

புரத பார், 'சர்க்கரை இல்லாத' மிட்டாய், சூயிங் கம் இவற்றை வாங்கும்போது மட்டும் லேபிளைப் பாருங்கள். சார்பிட்டால், மானிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்புகள்), இனுலின் (ஒரு வகை நார்ச்சத்து) என்ற பெயர்கள் இருந்தால், அவை பல குடல்களில் வாயுவும் பேதியும் கிளப்பும். உடம்புக்கு நல்லது என்று எழுதிய உறைக்குள்தான் இனுலின் அதிகம் ஒளிந்திருக்கிறது. மாறாக, டின்னில் வரும் சாளை மீன் மாணவனின் தோழன். ஃப்ரிட்ஜ் வேண்டாம், சமைக்க வேண்டாம், மென்மையான முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். ஸ்டெராய்டு எடுக்கிறவர்களுக்கு எலும்பு தேயும் ஆபத்து இருப்பதால் அது சின்ன விஷயமில்லை.

நீராகப் போகும் நாட்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

சரி, எந்த உணவுமுறை?

முதலில் ஒன்று: செலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் சரியாகக் காட்டும்.

ஐபிஎஸ் (புண்ணோ அழற்சியோ இல்லாமலே வலி, உப்புசம், பேதி என்று குடல் படுத்தும் கோளாறு) உள்ளவர்களுக்குப் பெரிதாகப் பேசப்படும் குறைந்த ஃபாட்மேப் உணவுமுறை, அதாவது குடலில் சரியாக ஏறாமல் புளித்து வாயுவைக் கிளப்பும் சர்க்கரை, மாவுச்சத்து வகைகளைக் குறைப்பது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. மூன்று கட்டங்கள் கொண்டது. இரண்டு முதல் ஆறு வாரம் விலக்குவது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது, கடைசியில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் விடுவது. முதல் கட்டத்திலேயே தங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். வயிறு அமைதியானதும் 'இப்படியே இருந்துவிடலாமே' என்று தோன்றும், அப்படியே இருந்தால் சத்தும் குறையும், குடலில் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். இது உப்புசத்தையும் வலியையும் குறைக்கும், குரோன் நோயின் அழற்சியைக் குறைக்காது. மருந்தை நிறுத்திவிட்டு இதைப் பிடித்துக்கொள்வது தப்பு.

அழற்சி நோயில் இணையம் சிபாரிசு செய்வது, தானியத்தையே ஒதுக்கும் 'குறிப்பிட்ட மாவுச்சத்து உணவுமுறை'. 2021ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அதையும் மத்தியதரைக் கடல் உணவுமுறையையும் குரோன் நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஆறாவது வாரத்தில் தொல்லைகள் அடங்கியவர்கள் முதலாவதில் 46.5 சதவீதம், இரண்டாவதில் 43.5 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் முடிவு. அப்படியென்றால் காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய், பருப்பு வகை, முழுத் தானியம் என்று அகலமாகச் சாப்பிடவிடும் இரண்டாவதை விட்டுவிட்டு, சோறும் ரொட்டியும் கூடாது என்கிற முதலாவதை ஒரு மாணவர் ஏன் சுமக்க வேண்டும்? 2024ல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் அறிவுரையும், தடை ஏதும் இல்லாதவர்களுக்கு மத்தியதரைக் கடல் முறையைத்தான் சொன்னது.

குடலில் எங்காவது சுருக்கம் இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால் மட்டும், பச்சைக் காய், தோல், விதை, நாரோடு கூடிய தண்டு எதுவும் அப்படியே போகக் கூடாது. அதே காயைத் தோல் சீவி, குழைய வேக வைத்து, மசித்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். நார்ச்சத்தையே கைவிடும் உணவுமுறை மோசமான நாட்களுக்கானது. அதை வருடக் கணக்கில் நீட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் இருந்தாலோ, அதை வெட்டி எடுத்திருந்தாலோ வைட்டமின் பி12 எவ்வளவு சாப்பிட்டாலும் சரியாக ஏறாது. அந்த இடம்தான் அதை உறிஞ்சுவது. இதைச் சமையலால் தீர்க்க முடியாது, இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஊசியும்தான். இரும்பு, வைட்டமின் டி இரண்டையும் அதோடு பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நான் கடைசியில் எதில் நின்றேன்

மதியம் மெஸ். பேசிவைத்த ஒரு கிண்ணம், நண்பர்களோடு. இரவு ஃப்ரீசர் டப்பா. காலையில் ஓட்ஸும் முட்டையும். கட்டிலுக்கடியில் புட்டிகள். எந்த ஒன்றும் முழுப் பாரத்தைச் சுமக்கவில்லை என்பதால் எதுவும் உடையவில்லை.

செலியாக் என்றால் இதில் மெஸ்ஸை எடுத்துவிட்டு, ஃப்ரீசரோடு உங்களுக்கென்றே ஒரு வாணலியும் கரண்டியும் சேருங்கள். ஐபிஎஸ் மட்டும் என்றால் மெஸ்ஸையே பெரும்பாலும் நம்பலாம், டப்பா மூன்று நாலு போதும். சமையலறையே இல்லாத முதல் வருடம் என்றால் மெஸ், ரைஸ் குக்கர், டின் மீன், புட்டி. நோய் இப்போது கிளம்பியிருக்கிறது என்றால் எந்த ஒப்பீடும் வேண்டாம், மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுவிட்டு, கெட்ட நாள் டப்பாவும் பானமுமாக அந்த வாரங்களைக் கடந்துவிடுங்கள்.

வாரம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம் எடை பாருங்கள். முயற்சி எதுவும் இல்லாமல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ போனால், மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. நான் ஏழு கிலோ போகும்வரை காத்திருந்தேன். இரத்தம், காய்ச்சல், வயிறு உப்பி வாந்தியோடு மலமும் காற்றும் நின்றுபோவது, இவை வந்தால் அன்றைக்கே.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு ஃப்ரீசரைத் திறந்து எண்ணுவேன். கெட்ட நாள் டப்பா நான்குக்குக் கீழே இருந்தால், எந்தப் பாடம் பாக்கி இருந்தாலும் அந்த வார விடுமுறையில் முதல் வேலை சமையல்.